சஹனுக்குள் ஆறு இடக்கை

காத்தான்குடியிலிருந்து கல்லடிக் கல்லூரிக் கண்காட்சிக்கு ஸைனம்பு மாமி ஆட்டோ பிடித்து வந்தது பாசத்தால் அல்ல. தம்பி மகள் நஸ்ஹா நாலு வருடமாக ஓவியம் படிக்கிறேன் என்று என்னத்தைக் கிழித்தாள் என்று குறை பிடிக்கத்தான். வந்த வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

கண்காட்சி மண்டபத்தின் நடுச்சுவரில் நஸ்ஹாவின் படம். பெரிய சஹன் தட்டில் கலியாணச் சோறு. அதைச் சுற்றி, எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நீளுமே, அந்த ஆறு கைகள். முகம் ஒன்றும் இல்லை. முகம் வரைய மாட்டேன் என்று வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. ஆனாலும் எது யாருடைய கை என்று குடும்பத்துக்கே தெரியும். மருதாணிக் கை மணப்பெண் சபீனாவுடையது. எண்ணெய் சுட்ட தழும்பு மாமியுடையது.

மாமி தழும்பைப் பார்த்தார். பிறகு பெருவிரலைப் பார்த்தார்.

“ஆறு பேரையும் இடக்கையால தின்ன வெச்சிருக்காய்கா. ஒனக்கு நாங்க என்ன செஞ்ச?”

நஸ்ஹா தன் வலது கையைக் கவிழ்த்து நீட்டிப் பார்த்தாள். பெருவிரல் இடப்பக்கம். படத்தில், அந்தந்தக் கையின் பக்கமிருந்து பார்த்தால், ஆறுமே வலப்பக்கம்.

பக்கத்தில் நின்ற விரிவுரையாளர் எறோல் குறுக்கே விழுந்தார். அதுதான் படத்தின் உயிர், பெண்கள் கட்டுப்பாட்டை மறுக்கிறார்கள், இடக்கை ஒரு கலகம் என்று மாமிக்கே பாடம் எடுத்தார். படத்தின் கீழே அட்டையிலும் அப்படியே எழுதி வைத்திருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு ஸலாம் சொல்லிவிட்டு இரண்டு மாடிக் கடை கட்டின என் போன்றவன் ஒரு பார்வையில் பிழை என்று சொல்வதை, இந்தப் படித்த மனிசர் கலகம் என்று கண்டுபிடித்திருந்தார்.

“கலகமா? ஒங்கட உம்மாவ இப்பிடித் தின்னவெச்சுப் படம் கீறுங்க,” என்று சொல்லிவிட்டு மாமி வெளியேறினார்.

நஸ்ஹா நேரே கூட்டாளி றிஸ்லா வீட்டுக்குப் போனாள். படத்துக்கு மூலம், கலியாணத்தன்று றிஸ்லா கையை உயர்த்தி எடுத்த செல்ஃபி. அதைப் பெரிதாக்கினாள். பின்சுவரில் மணமக்களின் பெயர்ப் பலகை. எழுத்தெல்லாம் திரும்பிக் கிடந்தது. போன் கண்ணாடிபோல இடவலம் மாற்றிப் போட்டிருக்கிறது. வரையும்போது அந்தச் சுவர் வேண்டாம் என்று வெட்டி எறிந்தவளும் நஸ்ஹாவேதான்.

நிழல் எப்படி விழும், தூரம் எப்படிச் சுருங்கும், ஒரு படத்துக்குப் பத்து அர்த்தம் எப்படிச் சொல்வது என்றெல்லாம் படித்தவள், தினமும் மூன்று வேளை தன் வாய்க்கு வந்துபோகிற கையைப் பார்த்ததில்லை. அவளுக்கு அவள்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் வாய்மொழிப் பரீட்சை. அட்டையில் எழுதியிருப்பதை ஒப்புக்குச் சொன்னால் போதும், முதல் வகுப்புச் சித்தியோடு பட்டம் கையில். எறோல் சேர் சிரித்த முகத்தோடு, இடக்கையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

“அது கலகம் இல்ல சேர். பிழை. போன் மாத்திக் காட்டினதப் பாக்காமக் கீறிட்டன்.”

மற்ற இரண்டு பரீட்சகர்களும் பேனாவைக் கீழே வைத்தார்கள். சேரின் முகம் சுண்டியது. வரைந்தவர் சொல்வது முக்கியமில்லை, படம் சொல்வதுதான் முக்கியம் என்றார். நாலு வருடம் படித்தும் இது விளங்கவில்லையா என்றும் கேட்டார்.

“அப்ப என்னத்துக்கு என்னக் கூப்பிட்டுக் கேக்கிறீங்க சேர்?”

முதல் வகுப்பு அந்தக் கேள்வியோடு போயிற்று. சாதாரணச் சித்திதான் கிடைத்தது. அட்டையை மட்டும் கிழித்தெறிந்துவிட்டு, படத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆறு கைகளையும் வெள்ளையால் மூடினாள். பிறகு, திருத்தி வரைய ஒருதரம் கையைக் காட்டும்படி கேட்டு மாமி வீட்டுக்குப் போனாள்.

மாமி கேற்றைப் பாதிதான் திறந்தார்.

“என்ட கைய இனி நீ பாக்கவும் வேணாம், கீறவும் வேணாம். ஒனக்குக் கை இல்லியாகா?”

கேற் சாத்தப்பட்டது. கொக்கி விழுகிற சத்தமும் கேட்டது.

நஸ்ஹா வீட்டுக்கு வந்து சஹனில் சோற்றைக் கொட்டினாள். படத்தை முன்னால் சாய்த்து வைத்து, வலது கையைச் சோற்றுக்குள் விட்டாள். அப்போதுதான் உறைத்தது, தூரிகை பிடிக்கிற கையும் அதுதான் என்று.

தூரிகையை இடக்கையில் எடுத்தாள். கோடு நண்டு நடக்கிறமாதிரிக் கோணிக்கொண்டு போனது. அழிக்கவில்லை. பெருவிரல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு கோட்டுக்கும் குனிந்து பார்த்தாள். சோறு காய்ந்து விரலில் ஒட்டும்வரை வரைந்தாள். மற்ற ஐந்து இடமும் வெள்ளையாகவே கிடந்தன.