பர்ஸ் அளவுக்கு வெட்டிய நெஞ்சுப் படம்

என் நெஞ்சுக்கு எடுத்த முதல் எக்ஸ்ரே படத்தை என் வீட்டுக்காரர் பர்ஸ் வெட்டும் அளவு அட்டையாக்கிவிட்டார். தாராவியில் எங்களுக்குத் தோல் பட்டறை. அங்கே ஒரு பொருள் வீணாய்ப் போனால் அவருக்குத் தூக்கம் வராது. சாதா அட்டை கத்தி பட்டுப் பட்டு ஓரம் தேய்ந்துவிடும், எக்ஸ்ரே படம் தேயாது. ஆபரேஷன் முடிந்தது, கரண்ட் வைத்தும் முடிந்தது, இனி இது எதற்கு என்று நினைத்திருக்கிறார். பட்டறைக்காரருக்குத்தான் இப்படிப் புத்தி போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் மார்பில் புற்று என்றால் வெட்டி எடுத்துவிட்டுக் கதிர் வைப்பார்கள். அதைத்தான் நாங்கள் கரண்ட் என்போம். அது முடிந்து சில மாதத்தில் எனக்கு வறட்டு இருமல் பிடித்தது, படியேறினால் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரி டி.பி. என்றே முடிவுகட்டி, குழாயடியில் தன் குடத்தைத் தள்ளி வைத்தாள். எனக்கு அந்தப் பயமில்லை. புற்று நுரையீரலுக்குப் போய்விட்டதோ என்பதுதான் என் பயம்.

ஆஸ்பத்திரியில் புதுப் படம் எடுத்தார்கள். டாக்டர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஸ்கேல் வைத்து அளந்தார்.

"மேலே வெளுப்பா ஒரு பட்டை தெரியறது பாருங்கோ. ஓரம் நேரா இருக்கு. கரண்ட் பட்ட இடம் மட்டும் வீங்கியிருக்கு, வத்திடும். கீழே இருக்கே, இந்தப் புள்ளிதான் யோசனையா இருக்கு. முன்னாடியே இருந்ததுன்னா பழைய தழும்பு. புதுசுன்னா நோய் பரவியிருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த படத்தைக் கொண்டுவாங்கோ."

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று.

பட்டறையில் அவர் அளவு அட்டைகளை எடுத்துவைத்து, வெட்டி மிஞ்சிய படத் துண்டுகளைத் தோல் கழிவைக் கிளறிப் பொறுக்கினார். நான் நின்றபடி பொரிந்து தள்ளினேன்.

"என் நெஞ்ச வெட்டித்தான் பர்ஸு தைக்கணுமோ? ஊருல அட்டைக்கா பஞ்சம்?"

"ஏ பிள்ள, பேசினா இருமல் வருது. உக்காரு," என்றார்.

மறுநாள் டாக்டர் துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொள்கிறார் என்று தெரிந்தது. பர்ஸ் மூடிக்கு வெட்டிய துண்டுக்கு வந்ததும் குனிந்தார். புதுப் படத்தையும் அதையும் மாறி மாறி அளந்தார்.

"இருக்கு. அதே இடம், அதே அளவு. பழைய தழும்புதாம்மா."

அந்தப் புள்ளியை ஒட்டி, பித்தான் வைக்க இடம் குறிப்பதற்காகப் போட்ட ஓட்டை இருந்தது. நடுவே ஒரு நெல்மணிதான் வைக்கலாம். கொஞ்சம் மேலே போட்டிருந்தால் புள்ளியே போயிருக்கும். என் வீட்டுக்காரர் அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். ஆபரேஷன் அன்றைக்குக்கூட அழாதவர். ரயிலில் திட்டுவதற்கென்று நான் எடுத்துவைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் பட்டை பாதியாக ஒடுங்கியிருந்தது. அதை அவரே துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பரணில் வைத்தார்.

என் படத்தை வைத்து வெட்டிய பர்ஸ் நன்றாகத்தான் விற்றது. கேட்டு வந்த வியாபாரிகளிடம், அந்த அளவில் இப்போது போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்.