பந்தக்காலுக்கு வேண்டிய மண்

சில்வஸ்டரை யோசித்துச் செய்கிற ஆள் என்று நெல்லியாளம் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். பந்தல் போடுவதில் கெட்டிக்காரர், அவ்வளவுதான். கடப்பாரை கைக்கு வந்துவிட்டால் கீழே இருப்பது பாறையா, தண்ணீர்க் குழாயா என்று பார்க்கும் பழக்கம் கிடையாது.

அவர் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, பழைய மருந்துக் கிடங்கு இருந்த இடம் இப்போது தார்த்தளம். மண்ணில் ஊறிக் கிடந்த பூச்சிமருந்தை அள்ளிக்கொண்டு போகச் செலவு அதிகமாகும் என்று மேலே தார் போட்டு மூடிவிட்டார்கள். லயத்துக்காரர்களுக்கு அதில் சந்தோஷம்தான். மலையில் சமநிலம் கிடைப்பது லேசா? வாலிபால் ஆடினார்கள், ஜீப் நிறுத்தினார்கள். மழைநீர் உள்ளே இறங்கினால் கீழே உள்ள கிணறு கெட்டுவிடும், தளத்தைத் தோண்டக் கூடாது என்று ஒரு பலகை நின்றது. அதில் துணி காயப்போட்டார்கள்.

அக்கா பிரிஸில்லாவின் மகள் யூனிஸுக்குக் கல்யாணம் வந்தது. பந்தலைத் தளத்தில்தான் போடுவது என்றானது. பந்தக்கால் ஊன்ற சில்வஸ்டர் கடப்பாரையை இறக்கினார். நாலு குத்தில் தார் பிளந்தது. குழியிலிருந்து எழுந்த வாடை அவருக்குத் தெரிந்த வாடை. தேயிலைக்கு மருந்தடித்துவிட்டு வரும்போது அம்மாவின் சேலையில் வீசியது. அம்மா இருமி இருமியே போய்ச் சேர்ந்தவள்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. கீழே கிணற்றடியிலிருந்து யூனிஸ் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"இங்க கால் ஊண வேண்டாங்க்கா," என்றார் சில்வஸ்டர், பக்கத்தில் நின்ற அக்காவிடம்.

"ஊரு பூரா குழி வெட்டுனவனுக்கு எங்கூட்டுக் கல்யாணத்துலதான் ஞானம் வருதா?" என்றார் பிரிஸில்லா.

"மழை பேஞ்சா இந்தக் குழி வழியா மருந்து கெணத்துக்குப் போயிரும்க்கா. டிரம்முல கல்லைப் போட்டு நிறுத்திக்கலாம்."

"மண்ணுல ஊணாத காலு ஒரு பந்தக்காலாடா?"

யூனிஸ் குடத்தை இறக்கி வைத்தாள். "மண்ணுதானம்மா வேணும்? நம்மூட்டு பீன்ஸ் பாத்தியில இல்லாத மண்ணா?"

பாதியாக அறுத்த டிரம்மில் பாத்தி மண்ணை நிரப்பிக் காலை ஊன்றினார்கள். பிரிஸில்லா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் முதல் கைப்பிடி மண்ணைப் போட்டார்.

"பந்தல் பறந்துச்சுன்னா மாமா, நீங்கதான் புடிச்சுட்டு நிக்கோணும்."

"நிக்கறேன் சாமி. பிரியாணிய மட்டும் அங்கயே கொண்டாந்து குடு."

குழியில் ஜல்லி போட்டு, தார் உருக்கி ஊற்றி முடிப்பதற்குள் தூறல் விழுந்தது. பந்தலுக்கு வைத்திருந்த தார்ப்பாயை அதன்மேல் விரித்துவிட்டு சில்வஸ்டர் நனைந்துகொண்டு நின்றார். கல்யாணத்தன்று ஒரு கால் சாய்ந்தது, பந்தல் நின்றது.

மூடியதோடு செலவு தீர்ந்தது என்று மூடியவர்கள் நினைத்திருக்கலாம். மூடி இருக்கும்வரை அதற்குக் காவலும் வேண்டும். சில்வஸ்டர் இப்படியெல்லாம் பேசுகிறவரல்ல. மழைக்காலம் தொடங்குமுன் தளத்தில் குனிந்து நடந்து வெடிப்பு தேடுகிறார். வாலிபால் ஆடும் பெண்கள் கண்ட வெடிப்பையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு வைக்கிறார்கள். லயத்தார் விடாமல் கேட்டதில் எஸ்டேட்டிலிருந்து வந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார்கள். குடிக்கலாம் என்றார்கள். அடுத்த மழைக்குப் பிறகும் சோதிக்க வேண்டும் என்று லயத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது யார் பந்தலுக்குச் சொல்ல வந்தாலும் சில்வஸ்டர் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்:

"டிரம்மு நான் கொண்டாறேனுங்க. மண்ணு உங்கூட்டுல இருந்து வரோணும்."