மயில்சாமி வாயை அடைக்க ஒரு கோர்ட் ஆர்டர்

நஞ்சப்பனுக்கு இந்த அமெரிக்காவிலேயே ஒரே ஒரு ஆள் மேல்தான் தீராத சந்தேகம். மயில்சாமி. வேறு யாருமில்லை, பிளானோ நகருக்கு வந்த புதிதில் இவனோடு ஒரே அப்பார்ட்மெண்டில் ஒரே குக்கரில் பொங்கித் தின்ற சிநேகிதன்தான்.

விஷயம் இதுதான். மனைவி வசந்தாமணி தலைப்பிரசவத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்த சமயம், பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கார் சீட் வாங்கப் போனான் நஞ்சப்பன். கடைத் தள்ளுவண்டியின் மேல்தட்டில் இருந்ததையெல்லாம் தானே ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டிய புண்ணியவான், அடித்தட்டில் கிடந்த கார் சீட்டை மறந்தே போனான். வாசலில் மடக்கிவிட்டார்கள். கைவிலங்கு, லாக்கப், எல்லாம் ஆயிற்று. ஜாமீனில் எடுத்தவன் மயில்சாமி. கேஸ் பிறகு தள்ளுபடியாகிவிட்டது. ஆனால் வசந்தாமணியிடம் இவன் மூச்சு விடவில்லை. 'போயும் போயும் ஒரு திருடனுக்கா வாக்கப்பட்டோம்' என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்தாலும் அவனால் தாங்க முடியாது.

அன்றைக்குப் பிடித்தது சனி. பொங்கல் விழாவில் மயில்சாமி யாரிடமாவது சிரித்துப் பேசினால், 'போச்சு, சொல்லிட்டான்யா' என்று தட்டோடு வேறு மூலைக்கு நகர்ந்துவிடுவான். மளிகைக் கடையில் பில் போடுகிறவர் "பை வேணுங்களா?" என்று கேட்டாலே ஜாடை பேசுகிற மாதிரி இருக்கும். மயில்சாமி வீட்டுக்குக் கூப்பிட்டால் இவனுக்குத் தலைவலி, இல்லையென்றால் பிள்ளைக்கு ஜுரம். அவனும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனான்.

இந்த வருஷம் வேலை மாறலாமென்று பார்த்தால் பேக்ரவுண்ட் செக். கேஸ் ஒழிந்தாலும், கைதான பதிவு அப்படியே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதை அழிக்கக் கோர்ட்டில் மனுப் போட, வக்கீல் ப்ரியம்வதாவைப் பிடித்தான்.

"உங்க ரெக்கார்டு யார் யார்கிட்ட இருக்கோ, எல்லாரையும் பெட்டிஷன்ல சேர்க்கணும் சார். போலீஸ், ஜெயில்... வேற?"

"மயில்சாமியைச் சேர்க்கலாங்களா?"

"அது எந்த ஏஜென்சி?"

ஒருவழியாக ஜட்ஜ் கையெழுத்துப் போட்டார். "எல்லா ஆபீஸ்லயும் அழிச்சிடுவாங்க. இனிமே யாராவது கேட்டா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு தைரியமா சொல்லலாம்" என்றார் வக்கீல். வேறு ஒருத்தனாக இருந்தால் குப்புறப் படுத்து நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இவனுக்கோ, ஊரெல்லாம் அழித்தாலும் மயில்சாமி மண்டைக்குள் இருப்பதை எவன் அழிப்பான் என்று அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மைசூர்பா டப்பாவோடு கிளம்பிவிட்டான். "மயிலண்ணன் வீட்டுக்குங்களா? நெசமாவா?" என்று வசந்தாமணி பட்டுப்புடவையே எடுத்துக் கட்டிக்கொண்டாள். போனதும் மயில்சாமியின் மனைவி தாமரைச்செல்வியோடு சமையலறைக்குள் புகுந்துகொண்டாள்.

ஹாலில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். நஞ்சப்பன் தொண்டையைக் கனைத்தான்.

"மயிலு, அந்தக் கார் சீட் சமாச்சாரம்... யார் யார்கிட்டச் சொன்னே?"

"எந்தக் கார் சீட்டு?"

முகத்தில் ஒரு சலனம் இருக்கவேண்டுமே! என்ன நடிப்புடா சாமி! இத்தனை வருஷம் அடக்கி வைத்தது நஞ்சப்பனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நடிக்காதடா! திருடன்னு எனக்கு வெலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனாங்களே, நீதானே வந்து ஜாமீன்ல எடுத்தே! ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டு, எந்தக் கார் சீட்டாம்!"

"அட, மெதுவாப் பேசுடா பாவி!" மயில்சாமி எட்டி அவன் வாயைப் பொத்தினான். "எம் பொண்டாட்டிக்கே நான் சொன்னதில்லடா."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றுபோயிருந்தது. இரண்டு பெண்களும் வாசற்படியில் நின்றார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லலாம், சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. நஞ்சப்பனோ மேசைமேலிருந்த மைசூர்பா டப்பாவை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

வசந்தாமணி காபி டம்ளரை மேசைமேல் வைத்தாள். கடையைப் பற்றியோ, போலீசைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏனுங்க, இந்த அண்ணன் வீட்டுப் படியை இத்தனை வருஷமா நாம மிதிக்காம இருந்தது இதுக்குத்தானுங்களா?"