பன்னிரண்டு வோல்ட் பெட்டி

என் கணவர் வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன். நான் சூலூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில், மாமனாரோடு. தொலைபேசிக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தொண்ணூறுகள் அவை. இருவரும் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினோம். தினமும் காலையில் சற்று நேரம், ரேடியோவில்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால் சண்டைகூடப் போட முடியாது. எனக்கு அது பெரிய குறை.

மின்வெட்டில் பேச்சு அறுந்துபோகக் கூடாதென்று நானே ஒரு பெட்டி செய்தேன். பழைய லாரி பேட்டரியின் மின்சாரத்தை ரேடியோவுக்கு, விளக்குக்கு என்று தனித்தனியாகப் பிரித்துத் தரும் பெட்டி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு ஃபியூஸ். கோவையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையே வைத்தேன். எங்கள் கிணற்று மோட்டாருக்கும் அதே கட்டைதான்.

மோட்டார் ஃபியூஸ் போனால் மாமா யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். தடித்த செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். காலையில் மகன் குரலைக் கேட்க ரேடியோ பக்கத்தில் வந்து உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அந்த ஆடி மழையில் மலைப்பாதைகள் சரிந்தன. எஸ்டேட்டில் தொலைபேசிகள் செத்துப்போயின. கணவருக்குக் கடும் காய்ச்சல். ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், ஒரு கார் வேண்டும், பொள்ளாச்சிப் பக்கமா சாலக்குடிப் பக்கமா என்பதை நாளைக் காலையில் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் நான் பால் கறந்துவிட்டு வருவதற்குள், ரேடியோவின் ஃபியூஸ் போயிருந்ததை மாமா பார்த்துவிட்டார். ரேடியோவுக்குள் ஏதோ சிறு கோளாறு. அதைக் காப்பாற்றத்தான் நான் போட்ட மெல்லிய கம்பி அறுந்திருந்தது.

“செரி பண்ணிப்போட்டேன் கண்ணு, பேசு” என்றார்.

ஸ்விட்சைப் போட்டேன். ரேடியோவுக்குள்ளிருந்து புகை வந்தது. கட்டையை உருவினால் மோட்டார் கம்பி. ஆத்திரம் தாங்காமல் அதை அவர் காலடியில் வீசினேன். எந்தப் பாதைக்குக் கார் அனுப்புவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

மதியத்துக்கு மேல் பவானியிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்தார். அவரும் ரேடியோக்காரர். குரல் பழக்கம், முகம் பார்த்ததில்லை. என்னைக் கூப்பிட்டு ஓய்ந்துபோன கணவர், இவர் பதில் கொடுத்ததும் செய்தியைச் சொல்லியிருக்கிறார். பொள்ளாச்சிப் பாதையில், ஆழியாறுக்கு மேலே கார் நிற்க வேண்டும். மாமா செருப்புக்கூடப் போடாமல் கிளம்பினார்.

ஆட்கள் என் கணவரை இறக்கிவைத்து மழையில் வெகுநேரம் காத்திருந்திருக்கிறார்கள். மாமா போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

கம்பியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. வாயைத் திறந்தால் எங்கே போய் நிறுத்துவேனோ என்று பயம்.

கருமாதிக்கு வந்த பவானிக்காரர், கிளம்பும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைப்பு.

“அன்னைக்கு அவசரத்துல ஒண்ணு சொல்லாம உட்டுப்போட்டனுங்க. ‘ஊட்டுல ஃபியூஸ் போயிருக்கும், எங்கப்பாகிட்டச் சொன்னாப் போட்டுக் குடுத்துருவாரு’ன்னு உங்க பையன் சொன்னாருங்க.”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“ஆமாங்க. அவன் அப்படித்தானுங்க சொல்லுவான்.”