என்னைப் பின்தொடராதீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன்

என் மகள் அடையாறில் இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் மயிலாப்பூர் வந்து என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போவாள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, ரயில் டிக்கெட் ஒன்றை அச்செடுக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேஜைமேல் இருந்த என் லேப்டாப்பைத் திறந்தாள். நான் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இங்க வா."

குரல் சரியில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். டிக்கெட் இருந்த பக்கத்தின் வலது ஓரம் முழுக்க விளம்பரம். சிரித்த முகத்தோடு ஒரு பெண் விக் வைத்துக்கொண்டு, சிகிச்சையின்போதும் அழகாக இருங்கள் என்கிறாள். அதற்குக் கீழே மார்பகத்தை அகற்றியவர்களுக்கான உள்ளாடை. அதற்கும் கீழே புற்றுநோய்ப் பரிசோதனை பேக்கேஜ், வார இறுதித் தள்ளுபடியோடு.

"இதெல்லாம் ஏன் உனக்கு வருது?"

பத்து நாள் முன்பு குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருந்தது. கணவர் போய் எட்டு வருஷமாகிறது. மகளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வார்த்தை தேடுவதுதான் என் பிழைப்பு, பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். இதற்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. டாக்டரிடம் போகவும் பயம். மத்தியான வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டி வலிக்குமா, நகருமா, ஐம்பத்தாறு வயதில் வந்தால் என்ன என்று லேப்டாப்பில் தட்டித் தட்டிப் படித்தேன். அது எனக்கும் அந்தத் திரைக்கும் நடுவில் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு விவரம் எனக்கு.

சொன்னேன். மகள் அழவில்லை. அச்செடுத்த டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"விக் விக்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னைச் சொன்ன சொற்களில் அதுபோல வலித்தது வேறு கிடையாது. அதை அவள் வாயிலிருந்து வரவழைத்தவனை நான் பார்த்ததுகூட இல்லை.

திங்கட்கிழமை லஸ்ஸில் ஒரு லேடி டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தொட்டுப் பார்த்த டாக்டர், "ஸ்கேன் எடுத்துடலாம், அப்புறம் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கலாம், இப்பவே பயப்படாதீங்க" என்றார். ஸ்கேனுக்கு அடுத்த வாரம்தான் இடம் இருக்கும் என்றும் சொன்னார். அந்த ஒரு வாரத்தைப் பயத்தில் கழிப்பதா, கோபத்தில் கழிப்பதா என்றால் கோபம் எனக்கு வசதியாக இருந்தது.

கோபப்பட ஆளும் குடும்பத்திலேயே இருந்தான். என் தம்பிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பெரிய வேலை. கழுத்தில் பட்டையும் அட்டையும் தொங்க வலம்வருகிறவன். விஷயம் கேள்விப்பட்டு ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். உட்கார்ந்தவனிடம் கேட்டேன்.

"எனக்குக் கட்டி இருக்குன்னு இவனுங்களுக்கு யார்ரா சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. நீ போற சைட்ல எல்லாம் குட்டிக் குட்டியா குக்கி போடுவாங்க. நீ எங்க போன, எவ்வளவு நேரம் படிச்சன்னு அது வழியா தெரியும். ஆனா நீ யாருன்னு தெரியாது. நீ அவங்களுக்கு ஒரு நம்பர்தான்."

"நம்பருக்கு எதுக்குடா விக்?"

அவன் சிரித்தான். மக்களுக்குத் தேவையானதைத் தேவையான நேரத்தில் காட்டுகிறோம், அது ஒரு சேவை என்றான். 'சேவை' என்ற சொல்லை அச்சில் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன், அன்றைக்குப்போல அடித்துவிடக் கை பரபரத்ததில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது, நாங்கள் ஒன்றும் ரவுடிகள் இல்லை என்று சொல்லி, விளம்பரக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்துகிற ஒரு பக்கத்தை என் லேப்டாப்பில் திறந்து வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் அதற்கு உட்கார்ந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பட்டியல். ஒன்றின் பெயரும் நான் கேட்டதில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் என்னைத் தெரிந்திருந்தது. எல்லாவற்றிலிருந்தும் விலக ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், சில கம்பெனிகளிடம் உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்க முடியவில்லை, குக்கிகளை அனுமதித்துவிட்டு மறுபடி முயலுங்கள் என்று வந்தது.

மூன்று தடவை படித்தேன். 'என்னைப் பின்தொடராதே' என்று நான் சொன்னதை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்கு என் கம்ப்யூட்டரில் அவர்கள் ஒரு குக்கி போட வேண்டுமாம். நான் என்றைக்காவது சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று குக்கிகளை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். உடனே பழையபடி வருவார்கள். வீட்டுக்குள் வராதே என்று ஒருவனிடம் சொல்ல, அவனுக்கு வீட்டில் ஓர் அறை ஒதுக்கித் தர வேண்டும். கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. சின்ன எழுத்தைப் படிப்பது என் தொழில் என்பது அவர்களுக்குத் தெரியவில்லைபோல. விலகிவிட்டால் எனக்கு ஏற்ற விளம்பரம் வராதாம். என்னைப் பற்றிச் சேகரிப்பது நிற்கும் என்று எங்கேயும் சொல்லவில்லை. பார்ப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள், பார்த்தது எனக்குத் தெரியாமல் நடந்துகொள்வார்கள். இதற்குப் பெயர் மரியாதை.

மகளுக்கு ஃபோன் செய்து திட்டித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எக்ஸ்டென்ஷன் போடும்மா" என்றாள். பிரவுசரோடு ஒட்டவைக்கிற சின்ன ப்ரோக்ராம். ஃபோனிலேயே வழி சொல்லி இரண்டு போட வைத்தாள். ஒன்று, நான் வேண்டாம் என்று சொன்னதை அழியாமல் காப்பாற்றும். இன்னொன்று, கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே தடுத்துவிடும். இரண்டாவதைப் போடும்போது, நீங்கள் போகிற எல்லாப் பக்கங்களிலும் உள்ள எல்லாவற்றையும் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி தருகிறீர்களா என்று கேட்டது.

"இவனும் படிப்பானாடீ?"

"இது நல்லவங்க செய்யறதும்மா. நான் விசாரிச்சிருக்கேன்."

திருடனைப் பிடிக்க வருகிறவனுக்கும் சாவியைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. கொடுத்தேன். மூலையில் சிவப்பாக ஒரு கேடயம் வந்து உட்கார்ந்தது. எத்தனை பேரைத் தடுத்தது என்று அதன்மேல் எண் ஓடும். பஞ்சாங்கம் பார்க்கிற பக்கத்துக்குப் போனேன். இருபத்து நான்கு. ராகு காலம் எப்போது என்று நான் பார்ப்பதை வேடிக்கை பார்க்க இருபத்து நான்கு பேர். சமையல் குறிப்புப் பக்கத்தில் நாற்பதைத் தாண்டியது. அந்த வத்தக்குழம்புக்கு அவ்வளவு மவுசு.

ஸ்கேனுக்கு முந்தின நாள், நேரத்தை உறுதிசெய்ய தி.நகரில் இருக்கும் அந்த ஸ்கேன் சென்டரின் பக்கத்தைத் திறந்தேன். பெயர், வயது, ஃபோன் நம்பர், எதற்காக வருகிறீர்கள் என்று கட்டங்கள். மேலே, உங்கள் தனியுரிமையை நாங்கள் மதிக்கிறோம் என்று ஒரு வரி. கேடயத்தில் பதினொன்று. என்னென்ன என்று விரித்துப் பார்த்தேன். அந்த விளம்பரக்காரர்கள் பட்டியலில் நான் பார்த்த பெயர்கள் சில அதிலும் இருந்தன. மார்பில் கட்டி என்று ஒருத்தி தட்டச்சு செய்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஸ்கேன் எடுத்து முடித்ததும் மகள் ஆட்டோ பிடிக்கலாம் என்றாள். நான் வரவேற்பில் போய் மேனேஜரைக் கேட்டேன். டை கட்டிய ஒருவர் வந்தார். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தேன்.

"நான் என்ன டெஸ்டுக்கு வர்றேன்னு எழுதற எடத்துல பதினோரு பேர் எட்டிப் பாக்கறாங்க. யார் சார் இவங்க?"

அவர் குனிந்து பார்த்தார். "எங்க வெப்சைட் ரொம்ப செக்யூர் மேடம். மேல பூட்டுப் படம் இருக்கு பாருங்க."

"வெளிய இருக்கறவனுக்குத்தான் அந்தப் பூட்டு. நீங்களே உள்ள விட்டுட்டுப் பூட்டினீங்களே, அவங்களைப் பத்திக் கேக்கறேன்."

"அதெல்லாம் சைட்டைச் செஞ்சு குடுத்த வெண்டர் பாத்துக்கறாங்க மேடம். நீங்க கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுக்கலாம்."

"பேப்பர் குடுங்க."

"ஆன்லைன்ல மேடம். அதே வெப்சைட்லதான்."

மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அந்த டையைப் பிடித்திருப்பேன். வெளியே வந்து பாண்டி பஜார் நடைபாதையில் நின்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள், பிறகு அதே மூச்சில் அழுதாள். ரயில் டிக்கெட் அன்றைக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. பையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். "உங்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்" என்றேன். "ஆமா" என்றாள், மன்னித்ததாகச் சொல்லவில்லை.

சதையை எடுத்துப் பார்த்த முடிவு ஆறு நாளில் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டர், "போய்ப் பாயசம் வெச்சுச் சாப்பிடுங்க" என்றார். இந்தச் செய்தி மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கேடயம் இல்லாத என் ஃபோனில் இரண்டு மாதத்துக்கு விக் வந்துகொண்டே இருந்தது. கெட்டதை மோப்பம் பிடிக்க அவ்வளவு மூக்கு, நல்லதற்கு ஒன்றுகூட இல்லை.

பாயசத்துக்குத் தம்பியையும் கூப்பிட்டிருந்தேன். ஆபீஸ் வேலை கொஞ்சம் பாக்கி என்று தன் லேப்டாப்போடு வந்து மேஜையில் உட்கார்ந்தான். டம்ளரை வைக்கக் குனிந்தபோது அவன் திரையின் மூலையைப் பார்த்தேன். சிவப்புக் கேடயம். என்னிடம் இருக்கிற அதே கேடயம்.

"இது என்னடா?"

அவன் மூடப் பார்த்தான். நான் கையை வைத்துவிட்டேன்.

"எங்க ஆபீஸ்ல எல்லாருமே போட்டிருக்கோம்கா. இல்லாட்டி ஒரு பக்கம் ஒழுங்கா திறக்காது."

"அப்போ அந்த விளம்பரம், குக்கி எல்லாம் யாருக்கு?"

பாயசத்தைக் கலக்கினான். பொய் சொல்லத் தெரியாதவன், சின்ன வயதிலிருந்தே.

"இதைப் போடத் தெரியாதவங்களுக்கு."

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. அவன் குடித்து முடித்த டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.

மறுநாளே எங்கள் அபார்ட்மென்ட்டில் ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு வீடு. நானாகக் கதவைத் தட்டினேன், கட்டி வந்த கதையையும் விக் வந்த கதையையும் சொன்னேன், கேடயத்தைப் போட்டுக் கொடுத்தேன். எதிர் வீட்டில் பாட்டு சொல்லித் தருகிற மாமி, என் லேப்டாப்பில் ஓடிய எண்ணைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சிஷ்யப் பிள்ளைகளாட்டம் க்யூல நிக்கறாளே, போடு போடு" என்றாள். தம்பிக்கு எப்படியோ தகவல் போய், "அக்கா, என் பொழப்புல மண்ணைப் போடறியே" என்று ஃபோனில் அலறினான். உன் லேப்டாப்பில் இருப்பதைத்தான் போடுகிறேன் என்றேன்.

இரண்டாம் மாடியில் பாங்கில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மட்டும் மசியவில்லை.

"என்கிட்ட மறைக்க ஒண்ணுமில்லம்மா. பாத்தா பாத்துட்டுப் போறான்."

வாதாடவில்லை. சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், நீங்கள் அடிக்கடி போகிற பக்கம் ஒன்றைத் திறங்கள் என்றேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற சமயம் அது. வரன் பார்க்கும் பக்கத்தைத் திறந்தார். எண் ஏற ஆரம்பித்தது. இருபது, முப்பது, நாற்பத்து இரண்டில் நின்றது. பெண்ணின் நட்சத்திரம், கோத்திரம், உயரம், சம்பளம் எல்லாம் கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருந்தார். அதன் கீழே, முதல் கல்யாணம் ரத்தானது ஏன் என்று கேட்டிருந்த கட்டத்தில் ஒரு முழுப் பத்தி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"இதையுமா படிச்சிருப்பான்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவர் உள்ளறையில் இருந்த தன் பெண்ணை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதில் விழாத குரலில், "இவளோட ஃபோன்லயும் இதைப் போட முடியுமா?" என்று கேட்டார்.