சின்னவளின் பெயர் டப்பா

டப்பாவைக் காதோரம் வைத்து இரண்டு முறை குலுக்கிய பிறகுதான் சின்னவள் மூடியைத் திறப்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுப்பாள். ஸ்ட்ரெச்சரில் நினைவில்லாமல் கிடப்பவர் யாராக இருந்தாலும் அந்தச் சீட்டில் இருப்பதுதான் அவருக்குப் பெயர்: ஏணி, விசிறி, தீப்பெட்டி, மணல். மணிக்கட்டுப் பட்டையில் அதை அச்சடித்ததுபோல எழுதிக் கட்டிவிட்டு, "பயப்படாதீங்க, தற்காலிகந்தான்" என்று கேட்காத காதில் சொல்லிவிட்டு வருவாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் பதிவு மேஜை அவளுடையது. வயது ஐம்பத்திரண்டு. கடைசியாகப் பிறந்ததால் வீட்டில் சின்னவள். பேத்தி எடுத்த பின்னும் சின்னவள்தான். கூடப் பிறந்தவர்களில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய ஒரே ஆள். அவள் கையெழுத்தைப் பார்த்தால் முத்தைக் கோத்து வைத்ததுபோல இருக்கும்.

முன்பெல்லாம் ஊர் பேர் தெரியாமல் வருகிறவர்களுக்கு எண்தான். ஒரு பஸ் விபத்தில் அப்படி இரண்டு பேர் வந்தார்கள். பதிவு மேஜையில் வந்த வரிசைப்படி மூன்று, நான்கு என்று எழுதினாள். வார்டிலோ கட்டில் வரிசைப்படி எண்ணிவிட்டார்கள்; மூன்று நான்காகி, நான்கு மூன்றாகிவிட்டது. கோப்பைக் கொடுக்கப் போனவள், ஒருவருக்கு ஏற்ற வேண்டிய ரத்தம் இன்னொருவர் தலைமாட்டில் தொங்குவதைப் பார்த்தாள். "கால் ஒடிஞ்சவர்தான் மூணு!" என்று அவள் போட்ட கூச்சலில்தான் ஊசி நின்றது. மறுநாள் காலி பிஸ்கட் டப்பா ஒன்று வீட்டிலிருந்து கிளம்பியது.

டப்பாவுக்குச் சட்டதிட்டம் உண்டு. இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கக் கூடாது. ஆள் பெயராக இருக்கக் கூடாது. உறவுக்காரர்கள் வந்து படித்தால் மனம் நோகக் கூடாது.

"குப்பன், சுப்பன்னு எழுதித் தள்ளுங்களேன் அக்கா. எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்று கேட்டார் ஓர் இளம் டாக்டர்.

"அது எப்படி டாக்டர், பேர் தெரியலைன்னதும் உங்களுக்கு ஏழை பேராவே வருது? யாருன்னு தெரியாதவர் பெரிய மனுஷனா இருக்கக் கூடாதா? நெஜமாவே ஒரு சுப்பன் வந்து படுத்தா அவருக்கு என்ன பேர் வைப்பீங்க?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டார். சின்னவள் விடவில்லை. "மனுவுல 'இன்னார் மகன் இன்னார்'னு போடுறாங்க பாருங்க, அது மரியாதை. ஆனா ஒரே நாள்ல நாலு இன்னார் வந்தா நான் எந்த இன்னாரைத் தேடுவேன்?"

சொந்தப் பெயர் கிடைத்துவிட்டால் சீட்டு டப்பாவுக்குத் திரும்பிவிடும், அடுத்தவருக்கு ஆகும். கிடைக்காமலே ஒருவர் போய்விட்டால் அந்தச் சொல்லை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டாள். இழுப்பறையில் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று இருக்கிறது. அதற்குள் பதினொரு சீட்டுகள். குடம் அதற்குள் போனதிலிருந்து வீட்டில்கூட "தண்ணிப் பாத்திரம்" என்றுதான் சொல்கிறாள்.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்த ஓர் அம்மாளுக்கு ஊஞ்சல் வந்தது. எழுபது வயதிருக்கும். கைப்பை இல்லை, போன் இல்லை. ஆறாம் நாள் கண் விழித்தார், பேச்சு வரவில்லை. தேடியும் யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வெளியூர்க் காப்பகத்துக்கு அனுப்ப உத்தரவாகிவிட்டது. தாளில் 'அனாமதேயம்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பெயரோடு போனவரை யார் எங்கே போய்த் தேடுவது? சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு வேளையில் கட்டிலருகே உட்கார்ந்து பெண் பெயர்களை அகர வரிசையில் படித்தாள், நாளுக்கு நூறு. அந்த அம்மாள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வார்டு நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"விடுங்கக்கா. என்னையே எடுத்துக்கோங்க, யாரு பேர் சொல்லிக் கூப்பிடுறா? இங்க சிஸ்டர். வீட்டுல அம்மா, அண்ணி, சித்தி. வீட்டுக்காரர் 'இந்தா'ம்பாரு. பாஸ்புக்கைப் பார்த்தாத்தான் என் பேரே எனக்கு ஞாபகம் வருது."

சின்னவள் பட்டியலை மடித்தாள். "அடி சக்கை! இது எனக்குத் தோணலையே" என்று கட்டில் பக்கம் குனிந்தாள்.

"அம்மா." அசைவில்லை. "அத்தை… பெரியம்மா… அண்ணி…"

நர்ஸும் சேர்ந்துகொண்டாள். "மாமி? மேடம்? டாக்டரம்மா?"

கூரையிலிருந்து கண் இறங்கவில்லை. சின்னவள் எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து ராகத்தில் இழுத்தாள். "வணக்கம், டீச்சர்!"

தலை திரும்பியது. போர்வைக்குள்ளிருந்து வலது கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி, இரண்டு முறை தாழ்ந்தது.

சின்னவள் சட்டென்று உட்கார்ந்தேவிட்டாள்.

சாப்பாட்டு வேளை முடிந்ததும் ஒரு பள்ளிக்கூடம் விடாமல் போன் போட்டாள். ஒன்பதாவது பள்ளியில், "இடது காதோரம் மச்சம் இருக்கா? எங்க பழைய கணக்கு டீச்சராச்சே, தனியாத்தானே இருக்காங்க" என்றார்கள். மாலைக்குள் டீச்சரின் அக்கா மகள் ஓடி வந்தாள். "சித்தி சுற்றுலா போயிருக்காங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சின்னவள் பதிவேட்டை விரித்தாள். ஊஞ்சல் என்ற சொல் படிக்கத் தெரியும்படி அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் டீச்சரின் பெயரை முழுவதுமாக, இனிஷியலின் புள்ளிகூட விடாமல் எழுதினாள். பிறகு இழுப்பறையைத் திறந்தாள். கண்ணாடிக் கூட்டைத் தொடவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்துச் சீட்டை உள்ளே போட்டு மூடி, காதோரம் வைத்துக் குலுக்கினாள். இரண்டு முறையோடு நிறுத்தவில்லை. வெகு நேரம் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.