பாதியில் நின்ற பேச்சு

பாராளுமன்றத்தில் என் மச்சாளின் முதல் பேச்சு ஒரு வசனத்தின் நடுவில் அறுந்துபோனது. "நடுக்கடலில் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கோ…" என்று அவர் சொல்லும்போதே நேரம் முடிந்து ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். மேலே பார்வையாளர் கலரியில் இருந்த எனக்கு அவருடைய வாய் அசைவது தெரிந்தது, குரல் வரவில்லை. சபாநாயகர் கையைக் காட்ட, மச்சாள் ஒரு கணம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் ஒருநாளும் அப்படி அவர் பாதியில் உட்கார்ந்ததில்லை.

மச்சாள் என் மாமாவின் மூத்த மகள். நாரந்தனையில் எங்கள் இரண்டு வளவுகளுக்கும் இடையில் ஒரு வேலிதான். சட்டம் படித்துவிட்டுக் கொழும்பில் நிற்காமல் ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கே வந்துவிட்டவர். எல்லைச் சண்டை, பயிரை மேய்ந்த மாடு, அறுக்கப்பட்ட வலை, விட்டுப்போன புருசனிடம் பிள்ளைச் செலவு என்று தீவுகளின் வழக்கெல்லாம் அவரிடம் வந்தன. நெடுந்தீவு வழக்கென்றால் படகேறிப் போய், அந்த மதிலையோ கிணற்றையோ கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அதனால்தான் ஒரு கட்சி அவரைத் தேர்தலில் நிற்கக் கேட்டபோது தீவுச் சனங்கள் கட்சியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து வாக்குப் போட்டார்கள். நான் அப்போது வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். அனுராதபுரத்தில் நெடுங்காலம் வேலை செய்ததால் சிங்களம் நன்றாக வரும். "வீட்டிலை இருந்து என்ன செய்யப்போறீர்? என்னோடை வாரும்" என்றார். அப்படித்தான் அவருடைய செயலாளரானேன்.

அன்றைக்கு மத்தியானம் சிற்றுண்டிச்சாலையில் அவர் தேநீரைத் தொடாமல் இருந்தார். முகம் வாடியிருந்தது. "ஒரு பிள்ளைப்பேற்றைக்கூடச் சொல்லி முடிக்க ஏலாத இடமாய் இருக்கு" என்றார். அப்போது ஆளும் தரப்பு அமைச்சர் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். தென்பகுதிக் கரையோரத்து மனிதர். என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "மொழிபெயர்ப்பும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது?"

மச்சாள் முழுவதையும் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். நெடுந்தீவிலிருந்து பிள்ளைப்பேற்றுக்குப் படகில் ஏற்றிவந்த பெண். இயந்திரம் நின்று படகு அலைந்துகொண்டிருக்க, கூட வந்த பெண்கள் தங்கள் சேலைகளை மறைப்பாகப் பிடிக்க, அங்கேயே பிறந்த பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். அமைச்சர் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே" என்றார்.

"ஓம்" என்றார் மச்சாள். "இந்த ஒரு வழக்கிலை சாட்சி உயிரோடை இருக்கிறா. இப்பிடிப் படகிலை நடந்த மற்ற வழக்குகளுக்குச் சாட்சியே மிஞ்சேல்லை."

அதையும் மொழிபெயர்த்தேன். அமைச்சர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் காலத்தில், நேரில் பார்க்கவென்று அமைச்சர் நெடுந்தீவுக்கு வந்தார். கடற்படைப் படகு ஆயத்தமாக நின்றது. மச்சாள் அதைக் கண்டும் காணாததுபோல, சனங்கள் ஏறும் படகையே காட்டினார். குறிகட்டுவான் துறையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் படகு எழும்பி எழும்பி விழுந்தது. அமைச்சரின் வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. அவர் ஓங்காளிக்கத் தொடங்க, கோழிக்கூட்டோடு பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்துக் கீறி, "இதை மணந்து பாருங்கோ, தம்பி" என்று நீட்டினார். அவர் அமைச்சர் என்றும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, சிங்களவர் என்றும் தெரியாது. அமைச்சர் அந்தத் தேசிக்காயைக் கரை சேரும்வரை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. மச்சாள் கேட்டபடி நோயாளரை ஏற்றும் வேகப்படகு ஒன்று தருவதாக அவர் சொன்னது நெடுந்தீவுத் துறையில், இன்னும் நேராக நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான்.

சொன்னபடியே படகும் வந்தது. கையளிக்கும் விழாவுக்கு முதல்நாள் கட்சித் தலைமையிலிருந்து தொலைபேசி அழைப்பு. நாங்கள் மண்டைதீவுப் பாலத்தால் வந்துகொண்டிருந்தோம். அரசாங்க அமைச்சரோடு ஒரே மேடையில் நிற்கக்கூடாது, நின்றால் அடுத்த தேர்தலில் பெயர் இருக்காது என்றார்கள். மச்சாள் "விளங்குது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"படகு எப்பிடியும் வரப்போகுது. மேடையிலை நீங்கள் ஏறித்தான் ஆகவேணுமோ, மச்சாள்?" என்று கேட்டேன்.

"கேட்டது நான்" என்றார். "கேட்டு வாங்கிப்போட்டு, தந்த மனிசன் வரேக்கை ஒளிச்சு நிக்க என்னாலை ஏலாது. நீரெண்டால் நிப்பீரோ?"

மறுநாள் மேடையேறினார். அமைச்சருக்கு மாலையும் போட்டார். படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. கட்சியும் சொன்ன சொல் தவறவில்லை, அடுத்த தேர்தலில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அது அவரைச் சுடவில்லை என்று சொன்னால் பொய். பாராளுமன்றம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. சட்டமூலங்களை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பதில் அவருக்கு ஒரு ருசி வந்திருந்தது. சில கிழமைகள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் குசினியிலும் கிணற்றடியிலுமாகத் திரிந்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அலுமாரியைத் திறந்து கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். நீதிமன்றத்துக்குத் திரும்பிய முதல்நாள், பேச எழுந்தவுடன், பழக்கதோசத்தில் நீதவானைப் பார்த்து "கௌரவ சபாநாயகர் அவர்களே" என்று தொடங்கிவிட்டார். நீதவானே சிரித்துவிட்டார். மச்சாளும் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது என் மனமும் ஆறியது.

இப்போதும் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் நான்தான் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போவேன். போன மாதம் நீதிமன்ற விறாந்தையில் புங்குடுதீவிலிருந்து வந்த ஒரு பெண், காணி எல்லை வழக்குக்காரி, மச்சாளின் பக்கத்தில் இருந்தார். யாரோ சொல்லக் கேட்டிருக்க வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, நீங்கள் முந்தி எம்.பி.யாய் இருந்தனீங்களாமே?"

"ஓம், கொஞ்சக் காலம் இருந்தனான்" என்றார் மச்சாள். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அதை விடும், பிள்ளை. உம்மடை கிணறு வேலிக்கு அங்காலையோ இங்காலையோ, அதை முதல் சொல்லும்" என்றார்.